பேத்தியின் போனுக்கு நான் காவல்

எங்கள் வீட்டில் டாக்டருக்குப் படிக்கிற பெண்ணுக்கு ஒருநாள் கட்டைவிரல் வலித்தது. அந்த விரலில் எத்தனை எலும்பு, எந்த எலும்பு எதோடு சேர்கிறது என்று எனக்கு விளக்க ஆரம்பித்தாள். பாதியில் மறந்துபோய், வலிக்கிற விரலாலேயே போனைத் தட்டிப் பார்த்தாள். அந்தப் போனில் அடுத்தாற்போல் வேறு என்னவோ வந்தது. அதைப் பார்த்துச் சிரித்தாள். எனக்குச் சொல்ல வந்த விளக்கம் அந்தரத்தில் நின்றது.

நான் கைமுறுக்கு சுற்றுகிறவள். தாராவிக்கு வாழ வந்த நாள் முதல் மாவை இரண்டு விரலுக்கு நடுவே திரித்துத் திரித்து வட்டம் போட்டுக்கொண்டிருக்கிறேன். என் கட்டைவிரல் வலித்ததே இல்லை.

"ஏட்டி, நான் முறுக்கு சுத்துதேன். நீ என்னத்தச் சுத்துத?" என்று கேட்டேன்.

"ஆச்சி, டிஸ்டர்ப் பண்ணாத. படிக்கேன்."

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இதை நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். அவள் ஊரில் பத்தாவது வரை தமிழில் படித்தவள். நான் "வந்துட்டாவ" என்றால் அவள் கை "வந்துவிட்டார்கள்" என்று எழுதிவிடுகிறது. போகட்டும், அவள் படித்த படிப்பு வீணாக வேண்டாம். யாராவது பேசினதை மட்டும் பேசினபடியே போடு என்று சொல்லியிருக்கிறேன். பேத்திக்குத் தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். இதை அவள் வாசித்து முடிக்க மழைக்காலம் வந்துவிடும். அந்தத் தைரியத்தில் எல்லாவற்றையும் சொல்கிறேன்.

எங்கள் சந்தில் டாக்டர் படிப்புக்குப் போன முதல் பிள்ளை அவள். சீட் கிடைத்த அன்றைக்கே பக்கத்து வீட்டுக்காரி வந்து, "டாக்டரம்மா, இந்த முட்டுவலிக்கு என்ன மாத்திரை?" என்று காலை நீட்டிவிட்டாள். காலேஜ் இன்னும் திறக்கவே இல்லை. இவளும் சும்மா இருக்கவில்லை. போனைப் பார்த்துவிட்டு, "தைலம் தேயிங்க" என்றாள். அந்தத் தைலத்தை நானே சொல்லியிருப்பேன்.

முதல் வருஷம் அவளுக்கு அனாட்டமி என்று ஒரு பாடம். உடம்புக்குள் எது எங்கே இருக்கிறது என்கிற பாடம். அதற்காக மேல்வகுப்புப் பிள்ளை ஒன்றிடமிருந்து ஒரு தகரப் பெட்டி வாங்கி வந்து கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். மறுநாள் கூட்டும்போது இழுத்துப் பார்த்தேன். உள்ளே எலும்பு. நிஜ எலும்பு. மண்டை ஓடு வேறு, என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. என் மருமகள் வாசல் வரை ஓடினாள். எனக்குப் பயம் வரவில்லை. யார் பெற்ற பிள்ளையோ, எந்த ஊரில் சோறு தின்றதோ, இன்றைக்கு எங்கள் பிள்ளைக்குப் பாடம் சொல்ல வந்திருக்கிறது. பெட்டி மூடியில் கொஞ்சம் திருநீறு பூசினேன். அதற்குப் பிறகு தினமும் கூட்டும்போது, "கொஞ்சம் தள்ளிக்கோய்யா" என்று சொல்லித்தான் பெட்டியை நகர்த்துவேன். ஆணா பெண்ணா என்று தெரியாது. பேத்தியிடம் கேட்டால், "இடுப்பெலும்பப் பாத்தா தெரியும் ஆச்சி, இரு சொல்லுதேன்" என்று போனை எடுப்பாள். அன்றைக்கு அவ்வளவுதான்.

இந்தப் போன் சங்கதியில் அவளைத் தனியாகக் குறை சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை கூடப் படிக்கிற பெண்கள் மூன்று பேர் வருவார்கள். சேர்ந்து படிக்கிறார்களாம். நான்கு பேரும் புத்தகத்தை விரித்து, அதன் மேல் போனை வைத்துக்கொண்டு உட்காருவார்கள். சத்தமே இருக்காது. எனக்குப் பெருமை தாங்காது. திடீரென்று ஒருத்தி சிரிப்பாள். கொஞ்சம் பொறுத்து அடுத்தவள் சிரிப்பாள். ஒருநாள் தெரிந்துபோயிற்று. ஒருத்திக்கு ஒருத்தி போன் வழியாகத்தான் பேசிக்கொள்கிறார்கள். முழங்கால் முழங்காலில் இடிக்கிறது, பேச்சு மட்டும் ஆகாசத்துக்குப் போய்விட்டு வருகிறது.

அதில் செம்பூர்ப் பெண் ஒருத்தி. நல்ல பிள்ளை. என்னைப் பாட்டி என்பாள். என் முறுக்கை அவளைப்போல் ரசித்துத் தின்ன ஆளில்லை. ஆனால் தினமும் இவளைக் கூப்பிட்டு, எவள் என்ன செருப்பு போட்டு வந்தாள் என்பது வரை பேசாமல் அவளுக்குச் சோறு இறங்காது.

எப்போது கேட்டாலும் என் பேத்தி சொல்கிற பதில் ஒன்றுதான். எல்லாம் படிப்பு, எல்லாம் வீடியோ பார்த்துத்தான் படிக்க வேண்டும். ஒருநாள் அவள் தோளுக்குப் பின்னால் நின்று நானும் பார்த்தேன். கையுறை போட்ட ஒருவர் யாருடைய கையையோ அறுத்துக் காட்டிக்கொண்டிருந்தார். சரி, படிக்கிறாள் என்று திரும்பப் போனேன். அதற்குள் கட்டைவிரல் ஒரு தள்ளு தள்ளியது. சட்டை போட்ட ஒரு நாய்க்குட்டி, பின்னங்காலில் நின்று ஆடியது.

"ஏட்டி, அறுத்த கைக்குள்ளயிருந்து நாய் எப்படி வந்துச்சு?"

"அது ரெண்டு நிமிஷம் பிரேக் ஆச்சி."

"நாய்க்கு பிரேக்கா ஒனக்கு பிரேக்கா?"

நாய்க்குப் பிறகு பூனை, பூனைக்குப் பிறகு கேக் வெட்டுகிறவர்கள், அதற்குப் பிறகு யாரோ ஒரு பெண் அலமாரியை அடுக்கினாள். என் அடுப்பில் ஒரு ஈடு முறுக்கு வெந்து, இன்னொரு ஈடும் வெந்தது. அறுத்த கை திரும்பி வரவே இல்லை.

வருஷப் பரீட்சை முடிவு வந்தபோது மற்ற பாடமெல்லாம் பாஸ். அனாட்டமியில் பெயில்.

பெயில் என்ற வார்த்தை அவள் காதுக்குப் புதிது. மாடிப்படியில் உட்கார்ந்து அழுதாள். என் மகன், "பரவாயில்லம்மா, மறுபடி எழுதிக்கலாம், டென்ஷன் எடுக்காத" என்றான். அப்போதுதான் விவரத்தைச் சொன்னாள். மறுபரீட்சை ஒன்று உண்டு. அதிலும் தவறினால் இந்த வகுப்போடு மேலே போக முடியாது. கூடப் படித்தவர்கள் எல்லாம் இரண்டாம் வருஷம் போவார்கள். இவள் மட்டும் அடுத்து வருகிற சின்னப் பிள்ளைகளோடு மறுபடி முதல் வருஷத்தில் உட்கார வேண்டும். செம்பூர்ப் பெண்ணும் அதே பாடத்தில் தவறியிருந்தாள். ஆகாசம் வழியாகப் பேசினதற்கு இருவருக்கும் சேர்த்தே கிடைத்தது.

அழுது முடித்து, முகத்தைக் கழுவிக்கொண்டு, போனைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள்.

"ஆச்சி, பரீட்ச முடியுற வரைக்கும் இத நீ வச்சுக்கோ. நான் அழுதாலும் குடுக்காத."

"ஒங்க அம்மகிட்ட குடேன்."

"அம்மாகிட்ட சண்ட போட்டு வாங்கிருவேன். அப்பாகிட்ட சிரிச்சே வாங்கிருவேன். ஒன்கிட்டதான் ரெண்டும் நடக்காது. அதோட ஒனக்குப் படிக்கத் தெரியாதுல்லா, யாரு என்ன அனுப்புனாலும் நீ வந்து என்கிட்ட சொல்ல முடியாது."

என்னுடைய எழுத்தறியாமைக்கு இந்த வீட்டில் கிடைத்த முதல் மரியாதை அது.

பூட்டும் என்னையே போடச் சொன்னாள். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். போனில் ஒன்பது புள்ளி வந்தது, வரிசைக்கு மூன்றாக. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புள்ளி வைத்து யாரோ தயாராகக் கொடுத்திருக்கிறார்கள், கோட்டை இழுக்க எனக்கா தெரியாது? இழுத்தேன். கோலம் என்றால் கோடு தொடங்கின இடத்துக்கே வந்து சேர வேண்டும், இல்லையா? அந்த மிஷின் சேர விடமாட்டேன் என்கிறது. ஒரு தடவை தொட்ட புள்ளியை மறுபடி தொட்டால் கண்டுகொள்வதில்லை. இது என்ன கோலம் என்று திட்டிக்கொண்டே வாலோடு ஒன்றைப் போட்டு முடித்தேன். ஒருநாள்கூட வாசல் தெளித்துக் கோலம் போடாத பிள்ளை அவள். நூறு வருஷம் முயன்றாலும் அவளால் அதைப் போட முடியாது.

போன் முறுக்கு டப்பாவில் போனது. சத்தம் மட்டும் இருக்கும். அவள் அம்மா படமோ அப்பா படமோ வந்து அடித்தால் நான் எடுக்கலாம். பச்சையை இழுக்க வேண்டும். வேறு யார் முகம் வந்தாலும் சிவப்பு. செம்பூர்ப் பெண்ணை முக்கியமாகச் சிவப்பு. அதுதான் சட்டம்.

முதல் நான்கு நாள் பார்க்க வேண்டுமே அந்தக் கூத்தை! வெறும் கையைப் பார்ப்பாள். கட்டைவிரல் தானாகக் காற்றில் மேலே தள்ளும். ஒரு தடவை தோசையை வைத்தேன். பேசிக்கொண்டே அதன் மேல் விரலை வைத்துத் தள்ளினாள்.

"அடுத்த தோச வரல்லட்டி. இத மொதல்ல தின்னு."

பிறகு தந்திரம் ஆரம்பித்தது.

"ஆச்சி, மணி பாக்கணும்."

"சுவத்துல இருக்கு."

"மழ வருமான்னு பாக்கணும்."

"வாசல்ல போயி அண்ணாந்து பாரு."

"கைக்குள்ள ரத்தக்குழா எப்படிப் போகுதுன்னு படம் பாக்கணும். சத்தியமா படிப்பு ஆச்சி."

 கொஞ்சம் யோசித்தேன். கையை நீட்டினேன்.

"இதுலயும் ரத்தந்தானே ஓடுது? புஸ்தகத்தப் பாத்து இதுல வரை."

விளையாட்டாகத்தான் சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "ஆச்சி, பரீட்சயில இதத்தான் கேப்பாங்க. ஒரு ஆள நிக்க வச்சு, மேல வரைஞ்சு காட்டச் சொல்லுவாங்க" என்று சொல்லிவிட்டு ஸ்கெட்ச் பேனா டப்பாவை எடுத்து வந்தாள். சிவப்பு ஒன்று, நீலம் ஒன்று, மஞ்சள் ஒன்று.

அன்றிலிருந்து நான்தான் புத்தகம். சிவப்பில் ஒரு குழாய், அக்குளில் தொடங்கி முழங்கை மடிப்பு வரை வந்து இரண்டாகப் பிரியும். ஒன்று கட்டைவிரல் பக்கம், இன்னொன்று சுண்டுவிரல் பக்கம். நீலம் தனியாக ஓடும். மஞ்சள் நரம்பு. என் இடது கையில் கல்யாணத்துக்கு முன்னால் குத்தின பச்சை ஒன்று உண்டு, தேள். அந்தத் தேளின் கொடுக்கைத் தாண்டித்தான் சிவப்புக் குழாய் போக வேண்டியிருந்தது. "இந்தத் தேளு எந்தப் புஸ்தகத்துலயும் இல்ல ஆச்சி" என்று சிரிப்பாள். கதவைச் சாத்திவிட்டு முதுகில் நுரையீரல் வரைந்தாள். இதயம் நான் நினைத்த இடத்தில் இல்லை, கொஞ்சம் நடுவில் இருக்கிறது. ஈரலைப் போடும்போது கூச்சம் தாங்காமல் நான் நெளிய, ஈரல் கோணலாகி, "அசையாத ஆச்சி, ஒன் ஈரல் இடுப்புக்கு வந்துட்டு" என்று அதட்டினாள். இத்தனை வருஷம் என்னோடு இருந்தும் எனக்குத் தெரியாத இத்தனை பேர் உள்ளே குடியிருக்கிறார்களே என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

கையெல்லாம் கோடாக வாசலில் உட்கார்ந்து முறுக்கு சுற்றினால் போகிறவள் வருகிறவளெல்லாம் நிற்பாள்.

"என்ன மயினி, கையில என்னமோ படர்ந்திருக்கு? ஆஸ்பத்திரிக்குப் போனீயளா?"

"ஆஸ்பத்திரியே இங்கதான் இருக்கு, போங்க."

இது வரை நான் நல்லவள். இனிமேல் சொல்லப்போவது என் மருமகளுக்கே இப்போதுதான் தெரியும். எழுதுகிற பேனாவை நிறுத்திவிட்டு என்னை முறைக்கிறாள். எழுதும்மா, எழுது.

மத்தியானத்துக்கு முன்னால் வீட்டில் நான் மட்டும்தான். மகன் பாண்டுப்பில் ஒரு கட்டடத்தில் ஒயரிங் வேலைக்குப் போய்விடுவான். மருமகள் முறுக்குப் பொட்டலங்களை எடுத்துக்கொண்டு ஆண்டாப் ஹில் கடைகளுக்குப் பஸ் ஏறுவாள். பேத்தி காலேஜுக்கோ, மாட்டுங்காவில் சத்தமில்லாமல் உட்கார்ந்து படிக்கிற ஒரு ரீடிங் ரூமுக்கோ போவாள். டப்பாவுக்குள் அந்தப் போன் 'டிங்' என்னும். நான் மாவு பிசைவேன். 'டிங்' என்னும். எத்தனை நாள்தான் மனுஷி பொறுப்பாள்? அந்த நாய்க்குட்டி என்ன ஆயிற்று என்று ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு வைத்துவிடலாம் என்று கோலத்தைப் போட்டுத் திறந்தேன். நாய் இருக்கிற பெட்டி எது என்று அவள் தோளுக்குப் பின்னால் நின்றபோதே பார்த்து வைத்திருந்தேன்.

நாய் சட்டை மாற்றியிருந்தது. அதற்குப் பிறகு ஒரு ஆனைக்குட்டி சேற்றில் சறுக்கியது. ஒரு கிழவி, என் வயசுதான், மீன் குழம்பு வைத்தாள். புளியை அதிகம் விட்டாள், எனக்குப் பொறுக்கவில்லை. என் கட்டைவிரல், சொன்னால் நம்ப மாட்டீர்கள், யாரும் கற்றுக்கொடுக்காமல் தானே மேலே தள்ளியது. கரிந்த வாடை வந்து நிமிர்ந்தேன். ஒரு ஈடு முறுக்கு எண்ணெயில் கறுத்துக் கிடந்தது. அதைப் பொட்டலமாகக் கட்டிக் குப்பையில் ஆழமாகப் புதைத்தேன்.

மறுநாளும் பார்த்தேன். அதற்கு மறுநாளும். சாயங்காலம் அவள் வந்து, "ஆச்சி, போன் பத்திரமா?" என்று கேட்டால், "அதுக்கென்ன, தூங்குது" என்பேன்.

இப்படியே எழுத்துப் பரீட்சை முடிந்தது. மிச்சம் இருந்தது வாய்ப் பரீட்சை. எலும்பைக் கையில் கொடுத்துக் கேட்பார்கள், உடம்பில் வரையச் சொல்வார்கள். அதில்தான் அவளுக்கு நடுக்கம். பிள்ளைகளை நம்பர்படி பிரித்து இரண்டு நாள் வைத்திருந்தார்கள். இவளுக்கு இரண்டாம் நாள். முதல் நாள் காலையில் எழுந்து என் இரண்டு கையிலும் எல்லாவற்றையும் ஒரு தடவை வரைந்தாள். "அழிச்சிராத ஆச்சி, சாயங்காலம் வந்து செக் பண்ணணும்" என்று சொல்லிவிட்டு ரீடிங் ரூமுக்குப் போய்விட்டாள்.

போன் அடித்தது. எடுத்துப் பார்த்தேன். செம்பூர்ப் பெண்ணின் முகம். சிவப்பு. மறுபடி அடித்தது. சிவப்பு. நான்கு தடவை வெட்டினேன். நாளைக்குப் பரீட்சையை வைத்துக்கொண்டு செருப்புப் பேச்சா என்று மனதுக்குள் திட்டவும் திட்டினேன். காவல்காரி என்றால் நான்தான் காவல்காரி என்று அத்தனை பெருமை. அந்தப் பெருமையோடு, கையில் எடுத்ததுதான் எடுத்தோம் என்று கோலத்தைப் போட்டு நாயைத் திறந்தேன்.

நாயின் தலைமேல் அவள் முகம் வந்து விழுந்தது, சின்ன வட்டமாக. தள்ளினேன், போனது. மறுபடி விழுந்தது. மூன்றாம் தடவை தள்ளப்போய் விரல் அதன் மேல் அழுத்திவிட்டது. நாய் போய்விட்டது. ஒரே எழுத்து. நடுவில் ஒரு முக்கோணம். முக்கோணத்தைத் தொட்டால் எதுவும் ஓடும் என்று இந்த நாட்களில் தெரிந்து வைத்திருந்தேன். தொட்டேன்.

"ஏய், எங்கடி இருக்க? ஏன்டி கட் பண்ற? லிஸ்ட் மாறிடுத்து! உன் நம்பரும் என் நம்பரும் இன்னிக்கே போட்டிருக்கா. ஒரு மணிக்குள்ள வந்து நிக்கணும். வரலேன்னா ஆப்சென்ட்டாம். ப்ளீஸ்டி, ஜல்தி வா!"

அழுகிற குரல்.  சுவரில் சின்ன முள் பதினொன்றைத் தாண்டியிருந்தது. மருமகள் படத்தைத் தொட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது, பஸ் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. மகன் பாண்டுப்பிலிருந்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். பேத்தியைக் கூப்பிடலாம் என்றால் அவள் போன்தான் என் கையில் இருக்கிறது.

அடுப்பை அணைத்தேன். வெள்ளைக் கோட்டை எடுத்தேன். பரீட்சைச் சீட்டு எது என்று தெரியாததால் அவள் படம் ஒட்டியிருந்த காகிதம் எல்லாவற்றையும் பையில் திணித்தேன். அவள் தடுப்பூசி அட்டை முதல் ரேஷன் காகிதம் வரை இருந்ததாகப் பிறகு சொன்னாள். வாசல் வரை போனவள் திரும்பி வந்தேன். எலும்பைக் கையில் கொடுத்துக் கேட்பார்கள் என்றாளே, எலும்பு வேண்டாமா? அளவு எடுக்கிற தையல்காரன் டேப் இல்லாமல் போவானா? பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்தேன். "வாய்யா, நீயும் வா. அவசரம்" என்று தூக்கிக்கொண்டு மெயின் ரோட்டில் டாக்சியை மறித்தேன்.

மாட்டுங்கா கோயிலுக்குப் போகும்போது அந்த ரீடிங் ரூமின் வாசலை எனக்குக் காட்டியிருந்தாள். டாக்சியை நிறுத்தி வைத்துவிட்டு இறங்கினேன். வாட்ச்மேன் என் கையைப் பார்த்துப் பதறி, கைக்கு என்ன ஆயிற்று என்று கேட்டான்.

"அரே மாஜி! ஹாத் கோ க்யா ஹுவா?"

"குச் நஹி. ஏ சப் நஸ் ஹை," என்றேன். ஒன்றுமில்லை, இதெல்லாம் நரம்பு என்று அர்த்தம். அவனுக்கு அது போதவில்லை. பெட்டியைக் காட்டி, உள்ளே என்ன என்று கேட்டான்.

"இஸ் மே க்யா ஹை?"

"ஹட்டி." எலும்பு.

"கிஸ் கா? முர்கீ கா?" கோழியுடையதா என்கிறான்.

"நஹி பாபா. ஆத்மி கா."

மனுஷனுடையது என்று சொன்னதை அவன் நம்பவில்லை. மூடியைத் திறந்து பார்த்தான். மூடினான். இரண்டு கையையும் கூப்பிவிட்டு ஒதுங்கி நின்றான். அவ்வளவு சீக்கிரம் என்னை எந்த இடத்திலும் உள்ளே விட்டதில்லை.

உள்ளே ஊசி விழுந்தால் கேட்கும். ஐம்பது தலை குனிந்திருந்தது. எந்தத் தலை எங்கள் தலை என்று தெரியவில்லை. அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் கொடுத்தேன்.

"ஏட்டீ!"

ஐம்பது தலையும் நிமிர்ந்தது. என்னையும் பெட்டியையும் பார்த்து என் பேத்தி வெளுத்துப்போனாள்.

"ஆச்சி, அப்பாவுக்கு என்ன?"

"அப்பனுக்கு ஒண்ணுமில்ல. ஒனக்குத்தான். பரீட்ச இன்னைக்காம். ஒரு மணிக்காம். வெரசா வாட்டி!"

டாக்சியில் ஏறின பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது. மூச்சு வந்ததும் நடுக்கமும் வந்தது. "ஆச்சி, எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல. எல்லாம் போச்சு. நான் பெயில்தான்" என்று புலம்பினாள். கையை அவள் மடியில் நீட்டினேன். "இதுல காலையில வரைஞ்சது நீதானே? இது என்ன, சொல்லு" என்றேன். சொன்னாள். "இது?" சொன்னாள். தேள் வரைக்கும் வந்ததும் நின்றாள். என் முகத்தைப் பார்த்தாள்.

"ஆச்சி, ஒனக்கு யாரு சொன்னா?"

"அந்தச் செம்பூர்ப் பிள்ளதான். பேசி அனுப்பியிருந்துச்சு."

"வாய்ஸ் மெசேஜா?"

"என்னமோ. முக்கோணத்த அமுக்குனேன்."

"அதுக்குப் பூட்டத் திறக்கணுமே. நீ ஏன் திறந்த?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பி ரோட்டைப் பார்த்தேன். நல்ல வெயில்.

"ஆச்சி. இங்க பாரு. என்னத்தப் பாத்த?"

"நாய்," என்றேன்.

"எத்தன நாளா?"

"மொதல் வாரத்துலயிருந்து."

அவள் சிரித்தாள் பாருங்கள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர. "களவாணி ஆச்சி! தூங்குதுன்னு சொன்னியே! நான் காத்துல வெரலத் தள்ளிக்கிட்டுக் கெடந்தேன், நீ உள்ளுக்குள்ள நாய் பாத்தியா!" நானும் சிரித்துவிட்டேன். மடியில் இருந்த பெட்டி குலுங்கி மூடி திறந்துகொண்டது. டிரைவர் கண்ணாடியில் அதைப் பார்த்தான். அதற்குப் பிறகு அவன் ஓட்டின வேகத்தில் நாங்கள் பன்னிரண்டரைக்கே காலேஜ் வாசலில் நின்றோம். சிரித்த சிரிப்பில் அவளுடைய நடுக்கம் போயிருந்தது. கோட்டை மாட்டிக்கொண்டு ஓடினாள். எலும்புப் பெட்டி வேண்டாமாம். அவர்களிடமே இருக்கிறதாம். முதலிலேயே சொல்லக்கூடாதா?

வாசலில் ஒரு மரத்தடியில் பெட்டியோடு உட்கார்ந்தேன். வெள்ளைக் கோட்டுப் பிள்ளைகள் அங்கங்கே நின்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பையன் என் கையைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றான். குனிந்து ஏதோ கேட்டான். மராத்தி, எனக்குப் புரியவில்லை. ஆனால் என்ன வேண்டும் என்று புரிந்தது. கையை நீட்டினேன். இன்னொருத்தி வந்தாள். பிறகு மூன்று பேர். ஒருவன் என் முழங்கையை மடக்கிப் பார்த்து, "இது தப்பு" என்கிற மாதிரி தலையாட்டினான். பக்கத்தில் இருந்தவள் அவன் தலையில் தட்டி, அதுதான் சரி என்று புத்தகத்தைக் காட்டினாள். எனக்கு அப்போதே பாதி உயிர் வந்துவிட்டது.

அவள் வெளியே வரும்போது மணி மூன்றுக்கு மேல். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. செம்பூர்ப் பெண் பின்னாலேயே வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "பாட்டி, நாலு தடவ கட் பண்ணிட்டேளே!" என்று என் தோளில் குத்தினாள். பேத்தி வீட்டுக்கு வந்த பிறகுதான் விவரம் சொன்னாள். கால்தான் கேட்டார்களாம். என் கையில் இண்டு இடுக்கு விடாமல் வரைந்துவிட்டு, காலை இரண்டே தடவைதான் வரைந்திருந்தாள். எனக்குக் குதிகாலில் கூச்சம் என்று நான்தான் விடவில்லை. எப்படியோ வரைந்தேன் என்றாள். 

முடிவு வரும் வரை அந்தக் குதிகாலை நினைத்து நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கொஞ்சம் பல்லைக் கடித்துக்கொண்டு நீட்டியிருக்கலாமே என்று என் காலையே திட்டினேன். போனை நானும் தொடவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன்.

ஒருநாள் நான் எண்ணெய் வடித்துக்கொண்டிருக்கும்போது சந்து முனையிலிருந்தே அவள் சத்தம் கேட்டது. "ஆச்சீ!" அன்றைக்கு நான் ரீடிங் ரூமில் போட்டேனே, அதே சத்தம், அதைவிடப் பெரிது. வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் என் காலைப் பிடித்தாள். ஆசீர்வாதத்துக்கு இல்லை. குதிகாலைத் திருப்பிப் பார்த்து, "இந்த இடத்துல போட்டது சரிதான் ஆச்சி! கொஞ்சம் தப்பியிருந்தா நான் ஜூனியர்ஸோட உக்காந்திருப்பேன். பாஸ்! மூணே மார்க்குல பாஸ்!" என்றாள். செம்பூர்ப் பெண்ணும் பாஸ். எனக்குக் கூச்சம் தாங்கவில்லை, சிரிப்பும் தாங்கவில்லை. அன்றைக்குச் சுற்றின முறுக்கெல்லாம் சந்துக்கே போய்விட்டது.

இரண்டாம் வருஷம் தொடங்கின அன்று, போனை டப்பாவிலேயே வைத்துவிட்டுப் போகிறேன் என்று அவளாகவே சொன்னாள். பெருமையாக இருந்தது. பஸ் ஸ்டாப் வரை நானும் போனேன். அவளுடைய கூட்டாளிகள் மூன்று பேரும் முன்னாலேயே வந்து காத்திருந்தார்கள், எல்லோரும் ஒரே வகுப்பு, கழுத்தில் நெஞ்சில் வைத்துக் கேட்கிற புதுக் குழாய். மூன்று பேரும் போனுக்குள் குனிந்திருந்தார்கள். ரோட்டைத் தாண்டி நின்று திரும்பிப் பார்த்தேன். எங்கள் பிள்ளை கையில் மட்டும் போன் இல்லை. செம்பூர்ப் பெண்ணின் தோளில் தாடையை வைத்துக்கொண்டு, அவள் போனுக்குள் எட்டிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.